ஜன்னலோரம்

என் தங்கை பேச்சை நிறுத்தியபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

"பொண்ணுக்குப் பக்குவம் வந்துடுச்சு" என்றாள் அம்மா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளோடு போர்வை மடிக்கிற பெண்களிடமும் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவர்களும், "குடுத்து வச்சவ நீ. என் வீட்டுல ஒண்ணு இருக்கே, வாயத் தொறந்தா மூடவே தெரியாது" என்று பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். போர்வையின் ஒரு முனையை ஒருத்தியும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்துக்கொண்டு, என் தங்கையின் மௌனத்தை நான்காக மடித்து அடுக்கிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் பெண்பிள்ளை வாயை மூடினால் அதற்குப் பெயர் பக்குவம். திறந்தால் திமிர். எனக்கு இரண்டாவது பெயர் சின்ன வயதிலேயே கிடைத்துவிட்டது. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் பிற்பாடு அது "படிச்ச திமிர்" என்று பதவி உயர்வு பெற்றது.

தங்கைக்கு வீட்டில் சின்னவள் என்று பேர். அப்பா மட்டும் பாப்பா என்பார். ஒன்பதாம் வகுப்பு. தூக்கத்தில்கூடப் பேசுகிறவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றாமலே ஆரம்பிப்பாள். கணக்கு மிஸ் தும்மியது, யாரோ யாரையோ பார்த்தது, யார் யாரோடு டூ விட்டது, எல்லாம் குரல் மாற்றி நடித்துக் காட்டியாக வேண்டும். கணக்கு மிஸ்ஸை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் தெருவில் தும்மினால் கண்டுபிடித்துவிடுவேன். "கொஞ்சம் மூச்சு விடுடி, செத்துடப்போற" என்று அம்மா கரண்டியோடு விரட்டுவாள்.

அந்த வருடம் அவளிடம் மாற்றங்கள் தெரிந்தன. இருப்பது ஒன்றரை அறை வீடு. அதில் தன் பாய்க்கு முன்னால் ஒரு பழைய போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டாள். கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒருநாள் கேட்டாள்:

"அக்கா, நான் நடக்கும்போது வலது கால் கோணலாப் போகுதா?"

"எல்லாருக்கும் போற மாதிரிதான் போகுது."

"பொய் சொல்லாத. பின்னாடி வர்றவங்க பாக்கறாங்க."

"பின்னாடி வர்றவங்க வேற எங்க பாப்பாங்க? முன்னாடிதான் பாக்கணும். அங்க நீ போற."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் கொஞ்சம் நடந்து காட்டினாள். நான் தினமும் "நேராத்தான் இருக்கு" என்றேன்.

கல்லூரியில் எனக்கு இதைப் பற்றி ஒரு பாடமே இருந்தது. வளரிளம் பருவத்துப் பிள்ளைகள், ஊரே தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்வார்களாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்குமாம். மூளையில் உணர்ச்சிப் பகுதி முதலில் வளர்ந்துவிடுமாம், யோசிக்கிற பகுதி பின்னால் மெதுவாக வருமாம். பத்து மதிப்பெண் கேள்வி அது. படம் போட்டு எழுதி ஒன்பது வாங்கினேன். கற்பனைக் கூட்டம் என்று எழுதிய கையாலேயே இதைக் கேட்கிறேன்: வகுப்பு மொத்தமும் நிஜமாகவே திரும்பிப் பார்த்தால் அதற்கு என்ன பெயர்? அதற்குப் பாடத்தில் பக்கம் இல்லை.

நடந்தது இதுதான்.

அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மேல்மாடியில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மைக், மேசைக்கு அடியில் கால் நீட்ட முடியாதபடி ஒரு பெட்டி. வீட்டில் அப்பாவின் குரல் யாருக்கும் கேட்காது. "தண்ணி குடும்மா" என்று மூன்று தரம் சொல்லிவிட்டு அவரே எழுந்து போய்க் குடித்துக்கொள்வார். ஆனால் அந்த மைக் முன்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமினால் ஆள் வேறு. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பார். கீழே மூட்டையும் பிள்ளையுமாக நிற்கிற அத்தனை பேரும் தலையைத் தூக்குவார்கள். வீட்டில் பஸ் என்பவர் அங்கே பேருந்து என்பார். பிளாட்பாரம் அங்கே நடைமேடை ஆகிவிடும். உலகத்தில் அவர் பேச்சைக் கேட்டு ஜனங்கள் எழுந்து ஓடுகிற ஒரே இடம் அது.

சின்னவளுக்குப் பாட்டு, படம், வகுப்புக் குழு என்று எல்லாவற்றுக்கும் இருந்தது அப்பாவின் போன்தான். பகலில் அவரிடம் இருக்கும், பள்ளி விட்டதும் அவளிடம். அவள் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு குழு வைத்திருந்தார்கள், வாத்தியார்கள் இல்லாத குழு. பையன்களும் பெண்களுமாக எல்லோரும் சேர்ந்து ஒரு விடுமுறையில் கடற்கரைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. பெரியவர்கள் துணையில்லாமல் முதல் தடவை. அதற்கு அனுமதி வாங்க அவள் எங்கள் வீட்டில் நடத்திய போராட்டத்தை ஒரு நாட்டின் விடுதலைக்கு நடத்தியிருந்தால் சிலை வைத்திருப்பார்கள். போவதற்கு முந்தின நாள் மத்தியானம் குழுவில் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "பீச்சுக்கு பஸ் எத்தனை மணிக்கு? எங்க நிக்கும்? யாருக்காவது தெரியுமா?"

போன் அப்பா கையில் இருந்தது.

மகளுடைய தோழிகள், உலகத்திலேயே தனக்கு மட்டும் முழுசாகத் தெரிந்த ஒரு விஷயத்தைக் கேட்கிறார்கள். அந்த மனிதர் எப்படிச் சும்மா இருப்பார்? அவருக்குத் தட்டச்சு வராது. மைக் படம் போட்ட பொத்தானை அழுத்தினார். மைக்கைப் பார்த்தால் அவருக்குக் குரல் தானாக மாறிவிடும்.

"மாணவ மாணவியரின் கனிவான கவனத்திற்கு. நீங்கள் செல்லவிருக்கும் கடற்கரைப் பேருந்து நாளைக் காலை எட்டு மணிக்கு ஆறாம் நடைமேடையிலிருந்து புறப்படும். பெண் பிள்ளைகள் முன்பக்கம் அமரவும். கை, தலை ஆகியவற்றை வெளியே நீட்ட வேண்டாம். இப்படிக்கு, பாப்பாவின் தந்தை."

இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வாரச் சிரிப்போடு போயிருக்கும். பொத்தானிலிருந்து விரலை எடுக்குமுன் அவருக்கு மகள் ஞாபகம் வந்துவிட்டது. குரல் வீட்டுக் குரலானது.

"அப்புறம் கண்ணுங்களா, நம்ம பாப்பாவுக்கு நேத்துலேருந்து வயித்து வலி. மாசா மாசம் வர்றதுதான். பாவம், ராத்திரி அழுதுட்டா. அவளுக்கு மட்டும் ஒரு ஜன்னலோர சீட் பாத்துக் குடுங்கப்பா."

அனுப்பிவிட்டார். அனுப்பியதை எங்களிடம் சொல்லவும் இல்லை. சொல்வதற்கு அதில் என்ன இருந்தது அவருக்கு? மகளுக்கு ஒரு சீட் கேட்டார், அவ்வளவுதான்.

அன்று அப்பா வீடு திரும்ப வெகுநேரமானது; சின்னவள் போனைப் பார்க்காமலே மறுநாள் கடற்கரைக்குப் போனாள். திரும்பி வந்தாள். பையைக் கழற்றினாள். திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தாள்.

"எப்படி இருந்துச்சு பாப்பா? ஆறாம் நடைமேடைதானே?" என்றார் அப்பா, திரையைப் பார்த்து.

"ம்."

அந்த "ம்"மிலிருந்து தொடங்கியது. அதற்குப் பிறகு சோறு வேண்டுமா, ம். தலை வாரிட்டியா, ம். கணக்கு மிஸ் தும்மினார்களா என்று நானே கேட்டேன். அதற்கு ம்கூட இல்லை. நடந்து காட்டுவதும் நின்றுவிட்டது. போனையும் தொடுவதில்லை. "பாத்தியா, போன் பைத்தியமும் தெளிஞ்சிடுச்சு" என்று அம்மாவுக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

எனக்குக் காரணம் தெரியவில்லை. மாதம் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. நான் வேலை பார்ப்பது ஓர் இணைய இணைப்புக் கம்பெனியின் புகார்ப் பிரிவில். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முன்பின் தெரியாதவர்களிடம் "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கியது இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காக. அன்றைக்கும் அப்படி வருந்தி முடித்துவிட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பின் இருக்கையில் இரண்டு பையன்கள். சின்னவள் பள்ளிச் சீருடைதான், ஆனால் அவள் வகுப்பில்லை, இன்னும் சிறியவர்கள். போனில் ஏதோ பாட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தடதடவென்று தாளம். தாளத்துக்கு நடுவே ஒரு குரல்.

என் அப்பாவின் குரல்.

"பாப்பாவின் தந்தை, தந்தை, தந்தை" என்று எதிரொலித்தது. பிறகு தாளம் நின்று, "மாசா மாசம் வர்றதுதான்". மறுபடி தாளம். "மாசா மாசம், மாசா மாசம், ஜன்னலோரம்."

நான் திரும்பினேன்.

"என்னடா இது?"

"பாட்டுக்கா. எங்க ஸ்கூல் டிஜே அண்ணன் போட்டது."

"யாரு பாப்பா?"

"ஜன்னலோரம் அக்காவா? ஒன்பதாவது படிக்கறாங்க. நீங்க கேட்டதில்லையா? எல்லார்கிட்டயும் இருக்கே" என்றான், எனக்கும் அனுப்பட்டுமா என்பது போல.

அவனை அறைந்திருக்கலாம். அவன் அதை உருவாக்கவில்லை. உருவாக்கியவனும் அதை ஒரு பெண்ணைக் கொல்ல வேண்டும் என்று செய்திருக்க மாட்டான். தாளம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையில் நன்றாகத்தான் பொருந்தியிருந்தது.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். வகுப்பாசிரியர் என்னை மாணவர் ஆலோசகரிடம் தள்ளிவிட்டார். அவர் மேசையில் சிரிக்கிற முகம் போட்ட ஒரு தலையணை இருந்தது. நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"உங்க கவலை புரியுதும்மா. இந்த வயசுல கேலி கிண்டல் எல்லாம் சகஜம். உணர்ச்சி ஜாஸ்தி, யோசனை கம்மி. தானா சரியாயிடும்."

"பத்து மார்க் கேள்வி மேடம். நானும் எழுதியிருக்கேன்."

"புரியல."

"ஒண்ணுமில்ல. அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டோம். அவன் சொல்றான், குழுவுல வந்ததைத்தான் எடுத்தேன்னு. அனுப்பினது உங்க அப்பாதானேம்மா?" என்றார், மிக மென்மையாக. "உங்க தங்கச்சியை ஏதாவது ஒரு பொழுதுபோக்குல ஈடுபடுத்துங்க. படம் வரைவாளா?"

"பேசுவா. அதுதான் அவ பொழுதுபோக்கு."

"ஏற்பட்ட மன வருத்தத்துக்கு நாங்களும் வருந்தறோம்" என்றார்.

அந்த ராகம் எனக்குத் தெரியும். தினமும் நான் பாடுகிற ராகம். எதிர்முனையில் இருப்பவருக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, செய்யப் போவதுமில்லை என்று தீர்மானமான பிறகுதான் அந்த வாக்கியத்தை எடுப்போம். எழுந்து வந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்ததெல்லாம் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் யோசனை வராது. எனக்கும் அந்த வளராத பகுதி வளராமலே போயிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் போட்டு உடைத்தேன்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "பஸ் தப்பாச் சொல்லிட்டேனா?" என்றார்.

"பஸ் இல்லப்பா."

"எட்டு மணி, ஆறாம் நடைமேடை. சரியாத்தானே இருக்கு."

"பஸ்ஸை விடுங்கப்பா! வயித்து வலிய ஏன் சொன்னீங்க?"

"வயித்து வலிதானே? அது என்ன திருட்டா, பொய்யா? வலிக்குது, சீட்டு குடுங்கன்னேன். நிலையத்துல யாராவது மயங்கி விழுந்தா நான் மைக்குல சொல்றதில்லையா? நாலு பேர் ஓடி வந்து தூக்கறாங்களா இல்லையா?"

அவர் சொல்வதில் தப்பில்லை. ஒரு நல்ல உலகத்தில் முப்பது நாற்பது பிள்ளைகளும் எழுந்து ஆளுக்கொரு ஜன்னல் கொடுத்திருப்பார்கள். அவர் அந்த உலகத்தின் மைக்கில் பேசிவிட்டார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதையா சொல்லி வச்சீங்க? ஆம்பளப் பசங்க இருக்கற இடத்துல? உங்களுக்குக் கொஞ்சமாவது..."

அப்போதுதான் அப்பாவின் முகத்தில் ஏதோ இறங்கியது. பிறகு முகம் தெளிந்து, பையிலிருந்து போனை எடுத்தார்.

"சரி. தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிப்புக் கேட்டு இன்னொண்ணு போட்டுடறேன்."

திரை விலகியது. சின்னவள் வந்த வேகத்தில் போர்வையும் கயிறும் சேர்ந்து வந்தன. போனைப் பிடுங்கினாள். எதையெதையோ அழுத்தி அந்தக் குழுவிலிருந்து வெளியேறினாள். போனை அப்பாவின் மடியில் போட்டாள்.

"இனிமே நீங்க பேசவே வேண்டாம்" என்றாள். "எங்கயும். யார்கிட்டயும். என் அப்பான்னு சொல்லிட்டுப் பேசவே வேண்டாம்."

இத்தனை நாளில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

குழுவிலிருந்து போனது தப்பாகிவிட்டது. "ஜன்னலோரத்துக்குக் கோவம்" என்று அதற்கும் ஒரு பாட்டு வந்ததாம். இதை எங்கள் தெருவிலிருக்கும் அவள் வகுப்புத் தோழி குச்சி சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் தனியாகக் குழாயடிப் படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றும் சொன்னாள். "நீ அவகூட உக்காரலாம் இல்ல?" என்று கேட்டேன். குச்சி செருப்பு நுனியால் தரையைக் கீறினாள். "உக்காந்தா என்னையும் ஓட்டுவாங்கக்கா." நேர்மையான பிள்ளை. பெரியவர்களிடம் இந்த நேர்மையும் கிடையாது.

சின்னவள் மெலிந்தாள். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கிறாள், வாயைத் திறப்பதில்லை, ஆசிரியர் அலுத்துப் போய் உட்காரச் சொல்லும்வரை நிற்கிறாள் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் பக்கத்தில் படுத்து விதவிதமாகப் பேசிப் பார்த்தேன். கெஞ்சினேன். திட்டினேன். "வேற ஸ்கூல் போறியா?" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பியபடி, "அங்கயும் போன் இருக்கும்" என்றாள். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அவள் பேச வேண்டும். எதையாவது, யாரிடமாவது, எப்படியாவது. வேண்டிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் அந்த மூன்று சொற்களையும் அப்படியே வேண்டியிருப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா எனக்கு போன் செய்தார். ஏதோ லாட்டரி விழுந்த குரல்.

"பெரியவளே, சின்னவ பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்காடி! என் ரூம்ல உக்காந்துருக்கா. அவளாவே வந்தா. வீட்டுப் பாடம் பண்ணப் போறாளாம்!"

"பேசினாளா?"

"பசிக்குதுன்னா! வாயத் தொறந்து கேட்டா. பன்னும் பாலும் வாங்க இதோ கீழ போறேன். நீயும் வேலை முடிஞ்சு நேரா இங்க வந்துடு, மூணு பேருமாச் சேர்ந்து போயிடலாம்."

மேலாளரிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு ஓடினேன்.

நான் நிலையத்துக்குள் நுழையும்போது நல்ல கூட்டம். அலுவலகம் விடுகிற நேரம். ஒலிபெருக்கி கொரகொரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

தலைகள் நிமிர்ந்தன. என் தலையும்தான். அப்பாவின் இழுப்பு, அப்பாவின் நிறுத்தம், "கனிவான" என்பதில் அவர் கொடுக்கிற அந்தச் சின்ன அழுத்தம் எல்லாம் அச்சாக அப்படியே இருந்தன. குரல் மட்டும் அவருடையதில்லை.

"துறைமுகம் செல்லும் பேருந்துக்கு இன்று வயித்து வலி. மாசா மாசம் வர்றதுதான். எனவே அந்தப் பேருந்து வராது. பயணிகள் அழ வேண்டாம். மூட்டை வைத்திருப்பவர்கள் அனைவரும் மூட்டையை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டே வரவும். கை, தலை, வாய் ஆகியவற்றை வெளியே நீட்ட வேண்டாம், முக்கியமாக வாய். இப்படிக்கு, ஜன்னலோரத்தின் தந்தை."

அப்புறம் சிரிப்பு. ஒலிபெருக்கித் தூணுக்குக் கீழே சீருடையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். குச்சியும் அதில் இருந்தாள். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பயணிகளில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் துறைமுக பஸ் நிஜமாகவே வராதென்று நடைமேடையை விட்டு ஓடினார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் பையோடு வெளிவாசலுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே துறைமுக பஸ் நடைமேடைக்கு வந்து, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனது.

மாடிப்படிக்குப் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். ஒரு கையில் பன் பொட்டலம், இன்னொரு கையில் பால் டம்ளர். பால் ஆடியது, சிந்தவில்லை. அவர் மேலே பார்க்கவில்லை. எல்லோரும் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து நிதானமாகக் கேட்டார். தன்னை வெளியிலிருந்து கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நிலைய மேலாளர் பாய்ந்து வந்தார்.

"யாருய்யா மைக்குல?"

"நான்தான் சார்" என்றார் அப்பா.

"நீங்க இங்க நிக்கறீங்க!"

"பேசிட்டு இறங்கி வந்துட்டேன் சார். சும்மா விளையாட்டுக்கு."

"உங்க குரல் எப்பய்யா பொண்ணு குரலாச்சு?"

"தொண்டை கட்டியிருக்கு சார்."

சுற்றி நின்றவர்கள் இதற்கும் சிரித்தார்கள். மேலாளருக்கே உதடு துடித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பாலை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அந்த மனிதர் அதை மேலாளரிடம் நீட்டிக்கொண்டு நின்றார்.

நான் இரண்டிரண்டு படியாக ஏறினேன். அவளை அறையப் போகிறேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. பாதிப் படியில் எதிரே இறங்கி வந்தாள். கையை ஓங்கியும் விட்டேன்.

அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் சிவந்து, மூச்சு வாங்கி, கண் இரண்டும் பளபளவென்று. கணக்கு மிஸ்ஸின் தும்மலை நடித்துக் காட்டிய அந்த முகம் திரும்பி வந்திருந்தது.

"அக்கா, கேட்டியா? குச்சிகிட்ட சொல்லி எல்லாரையும் வரவச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. டிஜே கீழ விழுந்துட்டான், பாத்தியா? இன்னிக்கு என்னைப் பாத்து சிரிக்கலக்கா. என்கூட சிரிச்சாங்க."

"கீழ அப்பா நிக்கறாருடி."

"ம்" என்றாள்.

அந்த ஒரு கணம் கண்ணில் ஏதோ வந்தது. நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அதற்குள் கீழிருந்து யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் இல்லை, அவளுடைய நிஜப் பெயர். கண்ணில் வந்தது எதுவோ அது அணைந்து போனது. என் ஓங்கிய கைக்கு அடியில் குனிந்து ஓடினாள். அப்பாவைத் தாண்டித்தான் ஓட வேண்டும். தாண்டி ஓடினாள். பிள்ளைகள் அவளை நடுவில் விட்டு மூடிக்கொண்டார்கள்.

அப்பாவிடமிருந்து மைக்கை எடுத்துவிட்டார்கள். இப்போது நிலையத்தின் பின்பக்கம் பார்சல் கிடங்கில் இருக்கிறார். வருகிற பெட்டிகளுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்ட வேண்டும். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை. "வேலை லேசுதான், தொண்டைக்கும் நல்லது" என்கிறார். மகள்தான் பேசினாள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சின்னவளிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். எத்தனையோ விதமாகக் கேட்டேன். "எனக்கு வேற என்ன வழி இருந்துச்சு, நீயே சொல்லு" என்றாள். படித்தவள்தானே நான்? சொல்ல முடியவில்லை.

வகுப்பில் இப்போது அவளுக்குத்தான் கிராக்கி. அப்பா சாப்பிடுவது, அப்பா செருப்புத் தேடுவது, அப்பா தண்ணீர் கேட்பது என்று தினம் ஒன்று நடித்து அனுப்புகிறாள். இன்னும் போடு, இன்னும் போடு என்று கேட்கிறார்களாம். அப்பா தன் போனை முழு நேரமும் அவளிடமே கொடுத்துவிட்டார். கிடங்கில் தனக்கெதற்கு என்றார்.

"நல்லவேளை, பழையபடி கலகலன்னு ஆயிட்டா" என்கிறாள் அம்மா. "என்னவோன்னு பயந்தே போயிட்டேன்." பக்குவம் என்று சொன்னது யார் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

நேற்றும் சின்னவள் அறை நடுவில் நின்று குரல் பதிவு செய்துகொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். நடுநடுவே தானே சிரித்தாள். அப்பா மூலையில் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கிடங்குத் தூசியோ என்னவோ, அவருக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அடக்கிப் பார்த்தார், முகம் சிவந்தது. பிறகு, பதிவில் தன் சத்தம் விழுந்துவிடக் கூடாதென்று மெதுவாக எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு தெருவுக்குப் போய் இருமினார்.

அவள் பேசி முடிக்கும்வரை உள்ளே வரவில்லை.